ரத்துக்குக் காரணம் நான் இல்லை: ஏலத் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு மடல்

ஐயா, அம்மா,

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். வளவு வீடுகளை, அதாவது எங்கள் பக்கத்துப் பெரிய பூர்வீக வீடுகளைப் பாகம் பிரிக்கும்போது, சாமான் வைக்கும் பெட்டகசாலையிலிருந்து வெளியே வரும் பொருள்களை வாங்கி விற்பதுதான் தொழில். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் வாங்கி வந்த ஸ்வீடன், ஜப்பான் எனாமல் சாமான்களுக்கு இப்போது வெளியூரில் நல்ல கிராக்கி. அதனால்தான் உங்கள் தளத்துக்கு வந்தேன்.

போன மாதம் பச்சை எனாமல் தூக்குப் பாத்திரம் ஒன்று 3,400 ரூபாய்க்கு ஏலம் போனது. கேட்டவர் மூன்று நாள் பணம் கட்டவில்லை. நான்காம் நாள், "வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், ரத்து செய்துவிடுங்கள்" என்று எழுதினார். சரி, மனுஷனுக்கு மனசு மாறும். ரத்து பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. மேலே முதலாவதாக இருந்தது "பொருள் கைவசம் இல்லை அல்லது சேதம்". 'வாங்குபவர் கேட்டுக்கொண்டார்' என்பது விரலால் தள்ளித் தள்ளிப் போனால் அடியில் கிடக்கிறதாம். எனக்கு அது தெரியாது. கடையில் ஆள் நிற்கிற அவசரத்தில் முதலாவதைத் தொட்டுவிட்டேன்.

இரண்டு நாளில் ஒரே ஒரு நட்சத்திரம் வந்து விழுந்தது. கூடவே, "ஏலம் முடிந்த பிறகு பொருள் இல்லை என்கிறார், நம்பாதீர்கள்" என்று ஒரு வரி. எழுதியது ரத்து செய்யச் சொன்ன அதே ஆள்! அவர் அனுப்பிய செய்தி உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. அதைச் சுட்டிப் புகார் கொடுத்தேன். "இந்தக் கருத்து எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. 3,300 வரை கேட்டிருந்த இன்னொருவரிடம் தூக்கைக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அவர் அந்த வரியைப் படித்துவிட்டு "எனாமல் பெயர்ந்திருக்கிறதா?" என்று கேட்டார். அப்புறம் ஆளையே காணோம்.

என் பக்கமும் தப்பு நடந்ததுண்டு. போன வருஷம் ஒரு பீங்கான் ஜாடி உங்கள் தளத்தில் ஏலத்தில் இருக்கும்போதே கடைக்கு வந்த ஒருவரிடம் விற்றுவிட்டேன். ஏலத்தில் எடுத்தவர் திட்டி எழுதினார். அது எனக்கு வேண்டியதுதான். மன்னிப்புக் கேட்டேனே தவிர, அந்த வரியை எடுக்கச் சொல்லி உங்களிடம் வரவில்லை. இன்றும் அது இருக்கிறது, இருக்கட்டும்.

எங்கள் பக்கம் பிள்ளையார் நோன்பு அன்று சபை கூடி நடத்தும் ஏலத்தில் உப்புக்கும் விலை ஏறும். மூன்று தரம் சொன்ன பிறகு கேட்டவர் பின்வாங்கினால், பின்வாங்கியது யார் என்று சபைக்கே தெரியும். சட்டமும் அப்படித்தான்: 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, ஏலம் முடிந்ததென்று சுத்தியல் விழும் வரைதான் கேட்டவர் பின்வாங்கலாம். உங்கள் சபையிலோ பின்வாங்கியவர் பெயர் மறைந்து, விற்றவன் பெயர்தான் நாறுகிறது.

வாங்குபவரைப் பதிலுக்கு மட்டம் தட்ட எனக்கு உரிமை வேண்டாம். ஈபே என்ற ஏலத் தளம் 2008இல் அந்த வழியை அடைத்தது சரிதான். விற்பவர் பழி வாங்குவார் என்ற பயத்தில் யாரும் உண்மையை எழுதாமல் இருந்தார்கள். ஆனால் பணமே கட்டாததால் ரத்தான விற்பனைக்கு வாங்குபவர் கருத்து எழுத முடியாது என்ற விதியும் அங்கே உண்டு. அந்த இரண்டாவதை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லையே, ஏன்? வேண்டாம் என்கிறவர் தன் கையாலேயே ரத்து பொத்தானை அழுத்தட்டும். காரணமும் அவர் பெயரில் பதிவாகட்டும். என் விரல் தவறினால் ஒரு நாளுக்குள் திருத்த விடுங்கள். அந்த ஒரு வரிக்கு அடியில் நான் பதில் எழுத இரண்டு வரி இடம் கொடுங்கள்.

2020ஆம் வருஷத்து மின் வணிக விதிகளில், நுகர்வோர் புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. நான் விற்பவன்தான், நுகர்வோர் இல்லை என்பீர்கள். இருந்தாலும் 48 விநாடியில் ஒரு பதில் வந்தது, இயந்திரத்திடமிருந்து. இந்த முறை மனுஷர் யாராவது, ரத்து செய்யச் சொல்லி அவர் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். தூக்கு கடை முகப்பில்தான் தொங்குகிறது.

இப்படிக்கு,
காரைக்குடி பழைய சாமான் கடைக்காரன்