வாயைத் துடைத்துவிட்டுச் சொன்ன பொய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வாசகர் ஒருவர், சின்ன வயதில் பொய் சொன்னால் ரெண்டு போட வேண்டும், அப்போதுதான் திருந்தும் என்று எழுதியிருந்தார். முப்பது வருஷம் தொடக்கப் பள்ளி வாத்தியாராக இருந்து அந்த ரெண்டைப் போட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பேத்தி மூன்று வயதில் அச்சுவெல்லத்தைத் தின்றுவிட்டு, வாயெல்லாம் அப்பிக்கொண்டு எதிரே வந்து நின்று "நான் திங்கலியே தாத்தா" என்பாள். நாலரை வயதில் ஒரு நாள் அதையே சொன்னாள், ஆனால் பாவாடையில் வாயைத் துடைத்துவிட்டு வந்து. வீட்டில் எல்லாரும் "கள்ளி, இப்பவே இப்படியா" என்றார்கள். எனக்கென்னவோ அந்தத் துடைப்பில்தான் விஷயமே இருப்பதாகப் பட்டது. தனக்குத் தெரிந்தது தாத்தாவுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்று அவளுக்கு உறைத்திருக்கிறது, பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் புத்தி நாலு வயதை ஒட்டித்தான் தெளிவாக வருகிறது.

நம்பாவிட்டால் வீட்டிலேயே பாருங்கள். பிஸ்கட் டப்பாவைக் காட்டி உள்ளே என்ன என்று கேட்டேன், "பிஸ்கட்" என்றாள். திறந்தால் ஊசி, நூல்கண்டு, பித்தான். மூடிவிட்டு, "இதைத் திறந்து பார்க்காத உன் அப்பா, உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பான்?" என்றேன். மூன்று வயதில் "ஊசி நூல்" என்றவள், நாலரையில் "பிஸ்கட்டுன்னு நினைச்சு ஏமாந்துடுவாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். (1987-ல் உளவியல்காரர்கள் மிட்டாய் டப்பாவுக்குள் பென்சிலை வைத்து இதையே செய்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, எந்த வீட்டு பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இருக்கிறது?)

சரி, அடித்தால் நிற்குமா? விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியல்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில், பிரம்படி உள்ள ஒரு பள்ளியிலும் இல்லாத ஒரு பள்ளியிலும் 3, 4 வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்து 2011-ல் எழுதினார்கள். பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு ஆள் வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், பிள்ளைகள்தானே. ஆனால் பார்க்கவே இல்லை என்று அதிகம் சாதித்ததும், அப்புறம் கேட்ட கேள்விகளில் மாட்டிக்கொள்ளாமல் சமாளித்ததும் பிரம்படிப் பள்ளிக்காரர்கள்தான். படித்தபோது என் பழைய வகுப்பு முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களுக்கு நான் கொடுத்தது நல்ல பயிற்சிதான் போலிருக்கிறது!

பேத்தியிடம் "நீ தின்றாயா?" என்று கேட்கவே இல்லை, பதில் தெரிந்துகொண்டே கேட்டால் அது பொய் சொல்ல நாமே போட்டுக் கொடுக்கும் பாதை. வெல்ல டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டு, வேண்டுமென்றால் கேள், தருகிறேன் என்றேன். இப்போது கேட்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை