மின்னணுப் பயிற்சியின் முதல் பாடம் அலையியற்றியாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையை ஒட்டிப் பெங்களூரில் சிறுவர்களுக்காக நடத்தப்படும் மின்னணுப் பயிற்சி வகுப்புகள் பலவற்றில், நிரல் எழுதி இயக்கும் பலகையையே முதல் நாளில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். அதில் எல்.இ.டி. விளக்கைச் சிமிட்டச் செய்ய, கால இடைவெளியை ஒரு வரியில் எழுதினால் போதும். அந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பது பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. எனவே, இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கி அணையும் அலையியற்றி (ஆசிலேட்டர்) என்னும் சுற்றை முதலில் செய்ய வைத்துவிட்டு, பலகையைப் பிறகு கொடுக்குமாறு பயிற்சி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கான உதிரிபாகங்கள் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் எளிதில் கிடைக்கும். பி.சி. 547 டிரான்சிஸ்டர், எல்.இ.டி., 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) ஆகியவற்றில் இரண்டிரண்டும், பற்றவைக்காமலே பாகங்களைச் செருகி இணைக்க உதவும் ஒரு பிரெட்போர்டும், நான்கு பென்சில் பேட்டரிகளும் இருந்தால் போதும். ஒரு டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும்போது அதனுடன் இணைந்த கெப்பாசிட்டர் மற்றதன் பேஸ் (அதன் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மின்னழுத்தத்தைச் சுழிக்குக் கீழே இழுத்து அதை அணைத்துவிடுகிறது. 100 கிலோ ஓம் வழியாக மெல்ல மின்னேற்றம் நடந்து, அந்தப் பேஸ் ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தொட்டதும் நிலைமை தலைகீழாக மாறுகிறது. இரு பாதிகளும் ஒன்றுபோல் இருக்கும்போது எது முதலில் இயங்கும் என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். எந்த இரண்டு டிரான்சிஸ்டர்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை என்பதும், அந்தச் சிறு வேறுபாடே ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறது என்பதும் அவர்கள் அறிய வேண்டிய அருமையான செய்தி.

விளக்குகள் ஏறத்தாழ நொடிக்கொரு முறை மாறி மாறி எரியும். கெப்பாசிட்டர்களை 100 மைக்ரோஃபாரட்டாக மாற்றினால் அதே சுழற்சிக்குப் பத்து மடங்கு நேரமாகும். 0.01 மைக்ரோஃபாரட்டாகக் குறைத்தால் வேகம் ஆயிரம் மடங்காகிவிடுவதால், இரண்டு விளக்குகளும் அணையாமல் எரிவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் ஒரு டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனைக்கும் பேட்டரியின் எதிர்மின்முனைக்கும் இடையே, மின்னழுத்தம் மாறும்போது அதிர்ந்து ஒலிக்கும் பியசோ தகட்டை இணைத்தால் காதில் சீரான ஒலி கேட்கும். கண்ணால் பின்தொடர முடியாத அசைவைக் காது பிடித்துவிடுகிறது என்பதைத் தன் கையாலேயே செய்து உணர்ந்த பிள்ளைக்கு அதிர்வெண் என்பது வெறும் சூத்திரமாக இராது.

கடைகளில் விற்கும் கிட்களில் பல, பாகங்களைப் பலகையில் பற்றவைத்துவிட்டால் மாற்றிப் பார்க்க இடமளிப்பதில்லை. பிரெட்போர்டும் வெவ்வேறு மதிப்புள்ள நான்கைந்து கெப்பாசிட்டர்களும் சேர்த்துக் கொடுத்தால் விலை பெரிதாகக் கூடிவிடாது.

1948இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸிலும், 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையிலுள்ள தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் அவர்களை அழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் இத்தகைய வகுப்பை நடத்த முன்வர வேண்டும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ படிக்கும் பிள்ளைகள் தங்கள் ஐயங்களை அங்கே தயக்கமின்றிக் கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு.