கூடைப்பந்துப் பழம்பொருள்: பந்தை விடுங்கள், தாளைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்தின் தொடக்கக் காலப் பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் நம் மலேசிய இளைஞர் சிலரிடம் தலைகாட்டுவது மகிழ்ச்சி தருகிறது. கூடவே, அந்த ஆர்வத்தைக் காசாக்கப் பார்ப்பவர்களும் கிளம்பிவிட்டார்கள். “1891-ஆம் ஆண்டின் அசல் கூடைப்பந்து” என்று படம் போட்டு இணையத்தில் விலை பேசுகிறார்கள். அப்படி ஒரு பந்து இருக்க வழியே இல்லை. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவைத்தபோது மாணவர்கள் கையில் இருந்தது கால்பந்து. கூடையோ, பீச் பழம் போட்டுவைக்கும் கூடை. உடற்பயிற்சிக் கூடத்து மாடியின் கைப்பிடியில், பத்தடி உயரத்தில் அடிக்கப்பட்டது. கூடைப்பந்துக்கென்றே தைத்த பந்து 1894-இல்தான் ஓவர்மேன் வீல் கம்பெனியிலிருந்து வந்தது. இது ஒன்று தெரிந்தாலே பல நூறு வெள்ளி பிழைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது: பந்தையும் காலணியையும் விட்டுவிட்டு, தாளில் அச்சானவற்றைத் தேடுங்கள். விதிப்புத்தகம், ஆட்டக்காரர் அட்டை (ஆட்டக்காரர் படம் போட்டு, சேகரிப்பதற்கென்றே அச்சிட்ட சிறு அட்டை), போட்டி நிகழ்ச்சி நிரல், குழுப்படம் ஆகியவற்றைச் சொல்கிறோம். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பழைய தோல் நிலைப்பது அரிது. தாளை முறையாக வைத்தால் காப்பாற்றலாம். அசலா போலியா என்று வீட்டிலேயே பெருமளவு சோதித்தும் பார்க்கலாம்.

பந்துதான் வேண்டும் என்பவர்கள் முதலில் காற்றடிக்கும் இடத்தைப் பாருங்கள். ஊசி நுழையும் வால்வு இருந்தால் அது ஆரம்பக் காலப் பந்து அல்ல. அந்தக் காலப் பந்தில் தோலுக்குள் தனியாக ஒரு ரப்பர்ப் பை இருக்கும். காற்றடித்து, அதன் குழாயைக் கட்டி, மடக்கி உள்ளே திணித்து, வாயை வாரால் பின்னி இறுக்குவார்கள். போலிகள் மாட்டிக்கொள்வதும் அந்தப் பின்னலில்தான். பல் குத்தும் குச்சியால் வாரை ஒரு நூலளவு தூக்கிப் பாருங்கள். உண்மையிலேயே ஆடித் தேய்ந்த பந்தில், வாருக்கு அடியில் உள்ள தோல் அழுக்கும் வெளிச்சமும் படாமல் வெளிறியிருக்கும். துளைகள் இழுபட்டு நீண்டிருக்கும். புதுத்தோலில் பாலீஷ் தேய்த்துப் பழசாக்கிய பந்தில் வாருக்கு மேலும் கீழும் ஒரே நிறம், துளைகள் வட்டமாகவே இருக்கும். தடவும்போது விரலில் செந்தூள் ஒட்டினால் தோல் உள்ளுக்குள்ளேயே மக்கிவிட்டது என்று பொருள். அதை மீட்க முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கைக்கு வந்த பழம்பந்தைப் பலர் பாழாக்குவது காற்றடித்துத்தான். உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து விறைத்திருக்கும். அழுத்தம் ஏறியதும் அது வெடிக்கும், அல்லது இற்றுப்போன தையல் நூல் அறுந்து துளைக்குத் துளை தோல் கிழியும். எண்ணெயும் மெழுகும் போடவே கூடாது. தோல் கறுத்து, பூசணத்துக்கு விருந்தாகிவிடும். பருத்தித் துணியை வளையமாகச் சுருட்டி, அதன்மேல் பந்தை உட்கார வைத்தால் போதும். காலணிக்கும் இதே கதிதான். ரப்பர் என்ன பாடுபடும் என்று கித்தா வெட்டி வளர்ந்த ஊருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கான்வர்ஸ் நிறுவனத்தின் ஆல் ஸ்டார் கூடைப்பந்துக் காலணி 1917-இல் வந்தது. கணுக்கால் வட்ட முத்திரையில், அதை ஊர் ஊராக விற்ற ஆட்டக்காரர் சக் டெய்லர் பெயர் இருந்தால் அது 1930களுக்கு முந்தியதாக இருக்காது.

தாளுக்கு வருவோம். ஸ்பால்டிங் நிறுவனம் வெளியிட்ட விதிக் கையேடுகள் எங்கள் கணக்கில் மிகச் சிறந்த தொடக்கம். விதிகள் மட்டுமல்ல, அணிகளின் படங்களும், கடைசிப் பக்கங்களில் பந்து, வளையம் போன்றவற்றின் விளம்பரமும் அவற்றில் இருக்கும். வேறு பொருளுக்குக் காலம் கணிக்க அந்த விளம்பரப் படங்களே கைகொடுக்கும். அட்டை வகையில் 1933-இல் கௌடி நிறுவனம் வெளியிட்ட ஸ்போர்ட் கிங்ஸ் வரிசையில் உள்ள 48 அட்டைகளில் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் நால்வர்தான்: நாட் ஹோல்மன், எட் வாக்டர், ஜோ லாப்சிக், எடி பர்க். 1948-இல் வந்த போமன் நிறுவன வரிசையில் 72 அட்டைகள்; அவற்றில் 12 ஆட்ட வியூகப் படங்கள். 69-ஆம் எண், அக்காலத்து நட்சத்திர ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன். போலி மலிந்த அட்டையும் அதுவே.

சோதிக்க இரண்டு கருவிகள் போதும். நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் ஒன்று. 395 என்று போட்ட மலிவு டார்ச் ஊதா வெளிச்சத்தைக் கொட்டி ஏமாற்றும், வாங்காதீர்கள். லென்ஸில் எழுத்துகளைப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தும் கோடும் மை நிறைந்து முழுசாக இருக்கும்; அசலைப் படமெடுத்து அச்சிட்ட நகலில் எழுத்துகூடப் பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பிறகு இருட்டறையில் டார்ச்சை அடியுங்கள். தாளை வெள்ளையாக்கும் ஒளிர்பொருள் பரவலானது 1950 வாக்கில்தான். அதற்கு முந்தியது என்று விற்கும் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மின்னாவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். ஒளிர்பொருள் சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது. ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக மின்னினால், சலவைத்தூள் பட்ட துணியோ கையோ தொட்டிருக்கலாம்.

காப்பதுதான் பெரிய வேலை. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். நம் பக்கம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள 20 லிட்டர் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 400 கிராம், சிறிய ஈரப்பதமானி. இவ்வளவுதான் செலவு. முள் 45-க்கும் 55-க்கும் இடையில் நிற்கட்டும். 40-க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் ஒரு பகுதியை எடுத்துவிடுங்கள். அதிகம் காய்ந்த தாள் மடித்தால் ஒடியும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் அடுப்பறை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் நச்சான கோபால்ட் சேர்ந்திருக்கும், வீட்டுக்கு வேண்டாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள், கரையான் வரும் வழி அதுதான். இராமபாணப் பூச்சி அரித்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

நெகிழ்ந்து ஒட்டும் பி.வி.சி. ஆல்பம் அட்டையின் மையையே உரித்துவிடும், பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள். கையேட்டின் கம்பித் தையல் துருப்பிடித்திருந்தால் கம்பியை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். செல்லோடேப்பும் லெமினேட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அமெரிக்கப் பொருளுக்கு மட்டுமே மதிப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துவிட்டு வந்த ஆசிரியரின் சான்றிதழோ குழுப்படமோ யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது கிடந்தால் அது இந்த ஆட்டத்தின் வரலாற்றுச் சான்று. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் கூடைப்பந்து அணி ஆடியது. அக்காலத்து நாளிதழ்த் துணுக்குகளும் அப்படித்தான். சீனப்பள்ளித் திடல்களில் நடந்த போட்டிகளின் நிகழ்ச்சி நிரலும் நெஞ்சுப்பட்டையும் பள்ளி இடம் மாறும்போதும் வீடு காலியாகும்போதும் குப்பைக்குப் போகின்றன.

தங்கள் நாளிதழ் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய குழுப்படம் கிடைத்தால், படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர்களைத் தனித்தாளில் வரிசைப்படி எழுதி, படத்தோடு ஒரே உறையில் வையுங்கள். படத்தின் முதுகில் பேனாவால் எழுதாதீர்கள். மை ஊறி முகத்தில் தெரியும்.

இப்படிக்கு,
விளையாட்டுப் பழம்பொருள் சேகரிப்பாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.