கேமராவுக்கு முன்னால் கவாத்து

ஒத்தக்கடை
கார்த்திகை, ஞாயிறு

மாப்ள,

மூணு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். தங்கச்சி, பிள்ளைகள் சௌக்கியம்தானே? இங்கே எல்லாரும் நலம்.

தோட்ட நிகழ்ச்சி நடத்த உன்னை டிவிக்காரர்கள் கூப்பிட்டிருப்பதாக டீக்கடை அண்ணாச்சி சொன்னார். நீ வாயைத் திறந்தால் மூடமாட்டாய் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அதுதான் கவலை.

இந்த வேலையில் வாயைவிடக் கைதான்டா பேசணும். முதல் வாரம் மல்லிக் கவாத்தாமே, அதாவது செடியை வெட்டிச் சீராக்குவது, கார்த்திகைக்குப் பொருத்தம்தான். "அளவாக வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்காதே. தரையிலிருந்து ஒன்றரை அடி என்று சொல்லி, அந்த உயரத்துக்கு ஒரு குச்சியைச் செடிக்குப் பக்கத்தில் நட்டுக் காட்டு. காய்ந்ததையும் நோய் விழுந்ததையும் முதலில் எடு. உயரத்தைக் குறைப்பது அப்புறம். வெட்டும் இடமும் கத்தரியும் கணுவும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி நில். உன் முதுகைப் பார்த்து யாரும் கவாத்துக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. வெட்டுகிற அந்த மூன்று நொடி தயவுசெய்து பேசாதே. கத்தரி கூராக இருந்தால் 'டக்'கென்று ஒரே சத்தம் வரும். மொக்கைக் கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கின இடத்தில் அழுகல் ஏறும். அந்த வித்தியாசம் காதுக்கே புரிந்துவிடும்.

அப்புறம் இந்த 'கொஞ்சம்' என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. "கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து அடிங்க" என்று கேட்டவர்கள்தான் மறுநாள் கருகின இலையோடு நிற்கிறார்கள். லிட்டருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். சோப்புக் கரைசலோடு எண்ணெயைச் சேர்த்து வெள்ளையாகும்வரை அடித்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றணும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் போகும், கடைசியில் நிற்கிற செடிக்கு வெறும் எண்ணெய். மதுரை வெயிலில் அது என்னாகும்? சாயங்காலம்தான் அடிக்கணும் என்பதையும் சொல்லிவிடு.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொன்றில். ஒரு காட்சியில் தக்காளி விதை தூவுகிறார்கள், அடுத்த காட்சியில் கூடை நிறையப் பழம்! நாற்றுக்கு இருபத்தைந்து நாள், நட்டபின் முதல் பழத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். இதைச் சொல்லாததால்தான் மாடியில் செடிப் பை வைத்தவர்கள் நாற்பதாம் நாள் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். நீ அதே செடியிடம் திரும்பத் திரும்பப் போ. நோஞ்சானாக இருந்தாலும் ஒளித்து வைக்காதே. துளிர் மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து எட்டவில்லை. நம் போர் தண்ணீரின் உப்புக்கு இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு, கரைத்து இலையில் தெளிக்கலாம். அடி இலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. ஒரு வாடின செடியை வைத்தே அரை மணி நேரம் ஓட்டலாமடா!

பிபிசியில் 1968 முதல் வரும் தோட்ட நிகழ்ச்சியை ஜெஃப் ஹாமில்டன் தன் சொந்த பார்ன்ஸ்டேல் தோட்டத்திலேயே வைத்து நடத்தினார். அதே பாத்தியை வருஷக்கணக்கில் பார்த்ததால் ஜனங்கள் அவரை நம்பினார்கள். அவருக்கு முன்னால் அதே நிகழ்ச்சியில் இருந்த பெர்சி த்ரோவர், ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியின் விளம்பரத்தில் நடித்ததற்காக வெளியே போனார். விளையாட்டில்லை மாப்ள, உரப் பாக்கெட்டை உன் கையில் திணிக்க ஆள் வரும். சத்தின் பெயரைச் சொல், பிராண்டைச் சொல்லாதே.

படப்பிடிப்பைக் காலை ஏழுக்குள் முடிக்கச் சொல். உச்சி வெயிலில் மல்லி மொட்டு வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும், அதுவும் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போன பிறகு அங்கே காட்ட என்ன இருக்கு? தோள் துண்டு வேண்டாம், மைக்கில் உரசிக் கரகரக்கும்.

அழகர் ஆத்தில் இறங்கிய அன்றைக்குப் போட்டிருந்தாயே, அந்தச் சட்டையும் வேண்டாம். நெருக்கமான கோடு திரையில் அலையடிக்கும். தங்கச்சி சொன்னால் கேட்கமாட்டாய், நான் சொன்னதாகச் சொல்.

உன்,
மாப்ள