நான்கு மொழிப் பெட்டியும் ‘ஐஸ் சளி’ ஆல்கஹாலும்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஜூன் 24

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டியில் உள்ள தமிழ் விளக்கத்தாள்

வணக்கம். பள்ளி விடுமுறைக்காக என் பேரனுக்கு, ஸ்ட்ராபெரியிலிருந்து டிஎன்ஏ என்ற மரபுப் பொருளைப் பிரித்தெடுத்துப் பார்க்கும் உங்கள் பெட்டியை 38 வெள்ளி 90 காசுக்கு வாங்கினேன். அவன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். ஆங்கிலம் என்றால் விறுவிறுவென்று வாசிப்பான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால் உடனே தாகம் வந்துவிடும். பெட்டியின் மேல் ‘நான்கு மொழிகளில் விளக்கம்’ என்று போட்டிருந்ததால்தான் அதை எடுத்தேன். விளையாட்டோடு நாலு வரி தமிழ் படிக்கட்டுமே என்று ஆங்கிலத் தாளை ஒளித்துவைத்துவிட்டுத் தமிழ்த் தாளை அவனிடம் கொடுத்தேன். ஒளித்துவைத்தது என் தப்புதான்.

நசுக்கிய ஸ்ட்ராபெரியில் சோப்பும் உப்பும் கலப்பது வரை சிக்கலில்லை. அடுத்து ‘கலவையைச் சிரமப்படுத்தவும்’ என்று இருந்தது. இருவரும் விழித்தோம். பெட்டிக்குள் வடிதாள் இருந்ததால், வடிகட்டச் சொல்கிறார்கள் போலும் என்று ஊகித்துக்கொண்டேன். அதற்கடுத்து ‘ஐஸ் சளி ஆல்கஹாலைச் சேர்க்கவும்’. சளி மருந்தா என்று பேரன் பாட்டிலை முகர்ந்து பார்த்தான். அதை உறைபெட்டியில் வைத்து நன்றாகக் குளிரவைக்க வேண்டும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இருந்தபடியே ஊற்றினோம். கடைசிப் படி, ‘நன்கு குலுக்கவும்’. பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் கேட்க வேண்டுமா? குலுக்கித் தள்ளிவிட்டான். மிஞ்சியது இளஞ்சிவப்பு நுரைதான்.

தாளின் பின்பக்க வரலாற்றுக் குறிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1869-இல் ஃபிரீடரிக் மீஷர் இந்தப் பொருளை ‘பஸ்ஸிலிருந்து’ பிரித்தெடுத்தாராம். “அப்பவே பஸ் இருந்துச்சா பாட்டி?” என்று கேட்டான். ஆங்கிலத்தில் ‘pus’ என்றால் சீழ், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்துதான் எடுத்தார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அவருடைய ஆய்வுக்கூடம் டூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறையில் இருந்ததாம். சமையலறையில் உட்கார்ந்து சோதனை செய்யும் பிள்ளைக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும்! அதைப் போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள்.

வேலை முடிந்து வந்த என் மகள் ஆங்கிலத் தாளைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அதில் ‘குலுக்காதீர்கள்’ என்று தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் மறுபடி செய்தோம். உங்கள் பொருள்கள் தீர்ந்துபோனதால் பாத்திரம் கழுவும் சோப்பு, சமையல் உப்பு, மருந்துக்கடை ஆல்கஹால், என் கோப்பி வடிகட்டும் துணிப்பை ஆகியவற்றை வைத்தே செய்தோம். எண்ணெய்ச் சட்டியைக் கழுவுகிற மாதிரி சோப்பு செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வை உடைத்துவிடுகிறது, டிஎன்ஏ வெளியே வருகிறது, உப்பு இருந்தால் அது ஒன்றோடொன்று திரள்கிறது என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். குளிர்ந்த ஆல்கஹாலில் டிஎன்ஏ கரையாதாம். அதனால்தான் ஆல்கஹாலைக் குழாயின் ஓரமாக மெல்ல வழியவிட்டு, மேலே தனி அடுக்காக நிற்கவிட வேண்டும். சில நிமிடங்களில் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே வெள்ளையாக, ஊறிய பஞ்சு போல ஒன்று எழும்பி வந்தது. குச்சியில் சுற்றி எடுத்தான். செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர், நமக்கு அதில் இரண்டு தொகுதிதான், கடையில் விற்கும் ஸ்ட்ராபெரிக்கு எட்டு, அதனால்தான் இவ்வளவு கிடைக்கிறது என்றாள் மகள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஆனால் பேரன் கேட்டது வேறு. “தமிழ்ல படிச்சு செஞ்சா வராதா பாட்டி?” இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதிகாரத்துவ மொழி நான்கு உள்ள ஊரில் நான்கையும் பெட்டியில் அச்சடித்து விற்கிறீர்கள். தமிழ் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடம் படித்துப் பார்த்திருந்தால் போதும், இதில் ஒரு பிழைகூடத் தப்பியிருக்காது.

சிரித்துவிட்டுப் போக முடியாத பிழை ஒன்றும் உண்டு. ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. தமிழில் அந்த வரியே இல்லை. முதல் நாள் நாங்கள் பாட்டிலைத் திறந்தபோது நாலடி தூரத்தில் கேஸ் அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

தொலைபேசியில் அழைத்தபோது உங்கள் ஊழியர் மரியாதையாகத்தான் பேசினார். குறை சொல்லவில்லை. இன்னொரு பெட்டி அனுப்புகிறேன் என்றார். அதற்குள்ளும் இதே தாள்தானே இருக்கும் என்றேன். அவரிடம் பதிலில்லை.

எனக்குப் பணம் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தீ எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புங்கள். தாளைத் திருத்தி அச்சிடும்வரை ‘நான்கு மொழிகள்’ என்பதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன்.

ரசீதும், பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திய தாளின் நகலும் இத்துடன் உள்ளன. பெட்டியைத் திருப்பி அனுப்பத் தயார். சோதனைக் குழாயை மட்டும் பேரன் தர மறுக்கிறான்; அதற்குள் அவனுடைய டிஎன்ஏ இருக்கிறதாம். ஸ்ட்ராபெரியுடையது என்று திருத்தினால், “நான்தானே எடுத்தேன்” என்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்