அரைப்பேர்

அம்மா,

நாளையோடு ஒரு வருஷம். படையலுக்கு எல்லாம் வாங்கியாச்சு, பால் ஊற்றாத தேத்தண்ணியும் வைக்கிறேன், சீனி உன் அளவுக்கு. இதைப் பொதுவில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் நான் பொய் சொன்னதும் நாலு பேர் முன்னால்தான்.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஆபீசில் ஒருவர் ஊர் எது என்று கேட்டார். இலங்கையில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றேன். "ஓ, சொந்தத் தோட்டமா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக அதைத் திருத்தவே இல்லை. மன்னித்துவிடு. ஆனால் வெளியே சொல்லாதே என்று என்னைப் பழக்கியது நீதானே?

அந்தச் சாயங்காலம். எனக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து ஆள் வந்து, நீ பாதியில் மலையை விட்டு இறங்கி, என்னைப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஏறி, ஓடி ஓடிப் பறித்தும் நிறுவையில் முழுப்பேருக்கு வேண்டிய 18 கிலோ வரவில்லை. 16தான். அதிலும் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்தார்கள். அரைப்பேர். விடிய ஏறி, பொழுது சாய இறங்கியவளுக்குப் பாதி நாள் சம்பளம். உன்னைத் தேடி எழுந்து வந்த நான் நீ இடுப்பில் சுற்றியிருந்த படங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ வாயே திறக்கவில்லை. நம் லயத்து வரிசை வீட்டுக்குப் போகிற வழியில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய், விரலெல்லாம் கொழுந்துக் கறை. "இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றாய்.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? பேர் வெட்டிய ஆளைவிட உன்மேல்தான் எனக்குக் கோபம், இன்றைக்கும். கேட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன், நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள்.

18 கிலோ கொழுந்தில் ஏறக்குறைய 4 கிலோ தூள் தேறும். 2 கிராம் பையாகப் போட்டால் 2000 பை. எத்தனையோ வருஷம் போராடி 2021இல்தான் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350. இங்கத்திக் காசுக்கு அப்போது 6 வெள்ளி, எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் நாலு கோப்பை தே.

நேற்று அதே மனிதர் பான்ட்ரியில் ஒரு பையைக் கொஞ்சம் நனைத்துவிட்டுக் குப்பையில் போட்டார். சொல்லிவிட்டேன். தோட்டம் எங்களுடையது இல்லை, அம்மா அங்கே கொழுந்து பறித்தார் என்று. அவர் ஸாரி என்றார். அப்புறம் பேச்சே வரவில்லை, இருவருக்கும்.

அண்ணன் இதை வாசித்தால் இன்றிரவே போன் வரும், மானம் போச்சு என்பான். வரட்டும், எடுக்கிறேன்.