துண்டு கட்டுனவங்களுக்குத்தான் நம்ம ஓட்டு

கோதன்பர்க், ஸ்வீடன்
மார்ச் 2025

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்க எல்லாரும் சுகம். இதைச் சித்தப்பாதான் வாசிச்சுக் காட்டுவாரு; நடுவுல நிப்பாட்டி வியாக்கியானம் பண்ணாம வாசிக்கச் சொல்லுங்க.

குளிர் இன்னும் விடல. பிப்ரவரியில அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும், வெளிய ஒரு சோலியும் கிடையாது. அந்த இருட்டுக்குன்னே இந்த ஊர்ல ஒரு பாட்டுப் போட்டி வச்சிருக்காவ. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு டிவியில வரும். பேரு மெலோடிஃபெஸ்டிவாலென், செல்லமா மெல்லோ. ஜெயிக்கிற பாட்டு, ஐரோப்பா பூராவும் சேர்ந்து நடத்துற யூரோவிஷனுக்குப் போகும்.

நீங்க பாக்குற சூப்பர் சிங்கர்னு நினைச்சிராதீங்க. சினிமாப் பாட்டு பாடப்பிடாது. எல்லாம் புதுப் பாட்டு, மூணு நிமிஷத்துக்குள்ள முடிச்சிரணும். மேடைக்கு முன்னால உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டே மார்க்கு போடுற ஜட்ஜுமாரு கிடையாது. உங்களுக்குப் பாதி ருசி அதுலயே போயிரும். சுடலைமாடன் கோயில் கொடையில வில்லுப்பாட்டுக்காரரு காப்புப் பாடி முடிக்கதுக்குள்ள இங்க நாலு பேரு பாடிட்டு இறங்கிருவாவ.

ஓட்டுப் போடுறது போன்ல. பாட்டு ஓடும்போது திரையில ஒரு இதயம் துடிக்கும், பிடிச்சா அமுக்கணும். ஒரு பாட்டுக்கு அஞ்சு தடவை வரைக்கும் அமுக்கலாம், காசு கிடையாது. வயசு வாரியா ஆளுகளைப் பிரிச்சிருக்காவ. 3லருந்து 9 வயசு வரைக்கும் ஒரு கூட்டம், 75க்கு மேல ஒரு கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் தனிப் புள்ளி. நாலு வயசுல நம்ம பாப்பாவுக்கும் ஓட்டு இருக்கு! பளபளன்னு சட்டை போட்டவனுக்கெல்லாம் அஞ்சு அமுக்கு அமுக்குதா. இந்த ஏற்பாடு நம்ம வார்டு எலெக்‌ஷனுக்கு வந்தா, உங்க செட்டு ஆச்சிமாரு அம்பையையே கைக்குள்ள போட்டுருவீங்க.

முத வாரம் வடக்கே லூலியோவுல. ரெண்டாவது எங்க ஊர்லயே நடந்துச்சு; டிக்கெட் விலையைக் கேட்டுட்டு வீட்டுலயே போர்வைக்குள்ள இருந்து பாத்தோம். மூணாவது வாரம் வெஸ்தெரோஸ், நான் பாதியில தூங்கிட்டேன். அதுவரைக்கும் பாட்டைவிடப் புகையும் நெருப்பும்தான் ஜாஸ்தி. கீழ்வீட்டு அம்மா, 80 தாண்டுனவங்க, வாராவாரம் செம்லா வாங்கிட்டு வந்து எங்க சோபாவுல உக்காந்துருவாங்க. அது ஏலக்காய் போட்ட பன்னு, உள்ள பாதாம் விழுது, மேல கிரீம். செம்லா நல்லா இருந்ததால நாங்களும் ஒண்ணும் சொல்லல.

நாலாவது வாரம் மால்மோவுல வந்தானுவ ஆச்சி, மூணு பயலுவ. குழுவுக்குப் பேரு ‘காய்’. பின்லாந்துல மேற்குப் பக்கம் வேரோங்கிற ஊர்க்காரனுவ. அங்கயும் ஸ்வீடிஷ் பேசுற ஜனம் உண்டு. பாட்டு காதலுமில்ல, பிரிவுமில்ல. பலகைக் குடிலைச் சூடாக்கி, உள்ள உக்காந்து வேர்வையில குளிப்பாங்களே, சவுனா, அதைப் பத்தி! மேடையிலயே குடில் போட்டு, இவனுவ கோட்டு சூட்டுல நிக்க, சுத்தி ஆடுறவங்க இடுப்புல துண்டு. நீங்க சனிக்கிழமை எங்களை விரட்டி விரட்டி எண்ணெய் தேச்சுவிட்டதை ஒருத்தன் பாட்டாக் கட்டுனா எப்படி இருக்கும்? அதுவும் அவங்க ஊர்ப் பேச்சுலயே பாடுதானுவ. கீழ்வீட்டு அம்மாவுக்கே பாதி புரியல.

நான் சோபாவைவிட்டு எந்திரிச்சே நின்னுட்டேன். சென்னையில வேலை பாக்கும்போது ‘அங்கன வாறேன்’னு சொன்னா ஆபீஸே சிரிக்கும், நானும் ரெண்டே மாசத்துல பேச்சை மாத்திக்கிட்டேன். இவனுவ ஒரு நாடே பாக்குற மேடையில மாத்தல, பாருங்க.

அஞ்சாவது வாரம் மோன்ஸ் செல்மெர்லேவ் வந்தாரு. 2015ல யூரோவிஷனையே ஜெயிச்சவரு. கீழ்வீட்டு அம்மா அவரு கட்சி. ஆளும் அழகு, பாட்டும் சுத்தம். குறையே சொல்ல முடியல, எனக்கு அதுதான் எரிச்சல்.

மார்ச் 8 இறுதிச் சுத்து, 12 பாட்டு. பாதிப் புள்ளி வெளிநாட்டு நடுவர்கள் கையில, அவங்க மோன்ஸ் பக்கம் சாய்ஞ்சிட்டாவ. கீழ்வீட்டு அம்மா என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்களே! பொறவு ஜனங்க ஓட்டு வந்துச்சு. ரெண்டையும் கூட்டுனா காய் 164, மோன்ஸ் 157. பாப்பா குதிச்ச குதியில செம்லா கிரீம் சோபா பூரா. 1998க்குப் பொறவு ஸ்வீடன் தன் பாஷையில ஒரு பாட்டை யூரோவிஷனுக்கு அனுப்புறது இதுதான் முத தடவை. அதையும் பின்லாந்துக்காரன் வந்துதான் பாட வேண்டியிருக்கு.

மே மாசம் சுவிட்சர்லாந்துல பாசெல்ல போட்டி. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடப்பிடாதுங்கிறது சட்டம், அதனால எங்க கை கட்டிப் போச்சு. ஆனா போட்டியில இல்லாத நாட்டு ஆளுகளும் இன்டர்நெட்ல போடலாம், காசு உண்டு. சித்தப்பா கார்டை வாங்கி நீங்க போட்டிருங்க. காசைப் பேரன் அனுப்புவான்னு சொல்லுங்க, மொகத்தை எப்படி வச்சிருக்காருன்னு எனக்கு எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க பேரன்